நாற்பதாயிரம் பேர் வாயை மூடிக்கொண்ட மத்தியானம்

கொளஞ்சியப்பன் அண்ணன், தான் டிவி பார்க்க வரவில்லை என்று அன்றைக்கு என்னிடம் நாலு தடவை சொன்னார். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நாலு தடவை பதில் சொல்கிற ஆள் மனசில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்? டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கடைப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

என் கடை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள், பெரம்பலூர் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. டிஷ் ரீசார்ஜ், ரிமோட், வயர், பழைய டிவி ரிப்பேர் எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் கூரை ஏறி டிஷ் மாட்டுவார். அவர் கோணலாக மாட்டியதற்கு நான் கல்லாவில் உட்கார்ந்து திட்டு வாங்குவேன். இந்த லீலாவதியிடம் வாய் கொடுத்தால் திரும்ப வாங்காமல் போக முடியாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால் இப்போது திட்டு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாசலைப் பார்த்து ஒரு பெரிய டிவியும் அதன் கீழே ஆளுயரத்துக்கு ஒரு சவுண்ட் பாக்ஸும் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் ஜனம் உள்ளே வரும்.

அண்ணனுக்கு வேலை, பெரம்பலூர் வண்டிக்கு ஆள் கூப்பிடுவது. முப்பது வருஷமாக அதுதான். ஜெயங்கொண்டத்துக்கும் திருச்சிக்கும் கூப்பிடுகிறவர்கள் கத்துவார்கள். இவர் கத்தமாட்டார். "பெரம்லூர் வா வா... வா" என்று முதல் இரண்டை வெட்டி, மூன்றாவதை நெஞ்சிலிருந்து இழுத்து விடுவார். குரல் பெரிதாக இருக்காது, ஆனால் போகவேண்டிய காதுக்குப் போய்விடும். ஒரு மூட்டையும் இரண்டு பிள்ளையுமாகத் திகைத்து நிற்கிற பெண்கூட, ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வந்து சரியான பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

அவருக்கு ஒரே மகன், கலையரசன். கல்லூரியில் நீளம் தாண்டி நாலு கோப்பை வாங்கியவன். படித்து முடித்ததும் ஒரு சிமெண்ட் ஆலையில், குளிரூட்டிய ஆபீஸில் வேலை கிடைத்தது. அண்ணன் அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் விடாமல் மிட்டாய் கொடுத்தார். அந்த வேலையைத்தான் பதினாலு மாதத்துக்கு முன்னால் அவன் விட்டுவிட்டு வந்தான்.

காரணம் ஏலாக்குறிச்சிப் பெண் ஒருத்தி, ஷாலினி மேரி. உடனே காதல் கீதல் என்று நினைத்துவிட வேண்டாம், அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. நீளம் தாண்டுவாள். பார்வை இல்லாதவர்கள் தாண்டும்போது மணல் குழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று குரல் கொடுக்க வேண்டுமாம். அந்தக் குரலை நோக்கித்தான் ஓடிவந்து தாண்ட வேண்டும். யார் குரல் கொடுத்தாலும் இவள் இடது பக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் மைதானத்தில் கலையரசன் சும்மா நின்று கூப்பிட்டுப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேராக ஓடிவந்தாள். அதற்கப்புறம் வேறு குரல் அவளுக்கு ஒத்துவரவில்லை. அவளோடு பயிற்சிக்குப் போக ஆலையில் லீவு கொடுக்கவில்லை. இவன் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

"நீ கத்தக் கூடாதுன்னுதான்டா முப்பது வருசமா நான் கத்துறேன். நீயும் கத்தத்தான் போறேன்னா என் மூஞ்சியில முழிக்காத" என்றார் அண்ணன். இதே படியில் நின்றுதான் சொன்னார். அவன் நேராகப் போய்ப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினான்.

அதோடு சரி. மகன் தினமும் அம்மாவுக்குப் போன் செய்வான், அனுசுயா அண்ணி பேசுவார்கள், இவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். "அவனா பேசட்டும்" என்பது இவர் கட்சி. "அப்பாதான மூஞ்சியில முழிக்காதன்னாரு, அவரா கூப்புடட்டும்" என்பது அவன் கட்சி. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? பதினாலு மாதம் இப்படியே போனது. அதற்குள் அண்ணனுக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கேட்டால், பல் எடுத்தேன் என்பார்.

இப்போது அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஆசியாவில் நாற்பது தேசத்து மாற்றுத்திறனாளிகள் கூடுகிற பெரிய போட்டிக்குப் போயிருந்தன. மத்தியானம் மூன்றரைக்குத் தாண்டுகிறாள் என்று அனுசுயா அண்ணி காலையிலேயே எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் பக்கம் திரை கட்டியிருப்பதாகவும், தான் அங்கே போவதாகவும் சொன்னார்கள். "அவரு ஒன் கடைப் பக்கந்தான் இருப்பாரு லீலா. பாத்துக்க." டிவியையா அவரையா என்று நான் கேட்கவில்லை.

மூன்றரைக்கு என் கடை முன்னால் முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பெரம்பலூர் வண்டி டிரைவர் தர்மராஜ் இன்ஜினை ஓடவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். விளம்பரம் முடிந்து ஸ்டேடியம் வந்தது. அடுக்கடுக்காக மனிதத் தலைகள். ஷாலினி மேரி கண்ணில் கறுப்புக் கட்டோடு ஓடுபாதையின் முனையில் நின்றாள். மணலுக்கு அந்தப் பக்கம் கலையரசன். ஆனால் சத்தம் இல்லை. துளிகூட இல்லை.

"லீலாக்கா, சவுண்டு போயிருச்சு!"

"டிவி கடையிலயே டிவி ஊமையாயிட்டா நாங்க எங்கக்கா போறது?" இது தர்மராஜ்.

எனக்குச் சுருக்கென்றது. ரிமோட்டை எடுத்து நாற்பதில் இருந்ததை எழுபதாக்கினேன். ஒன்றுமில்லை. நூறாக்கினேன். மொழியை மாற்றித் திரும்பத் தமிழுக்கே கொண்டுவந்தேன். பின்னால் போய் வயரை ஆட்டினேன். கடைசியில், எந்தப் படிப்பும் இல்லாதவள் செய்கிற மாதிரி, சவுண்ட் பாக்ஸ் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"வா வா... வா!"

கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பஸ் ஸ்டாண்ட் முழுக்க அந்தக் குரல் போய் மோதித் திரும்பியது. மறுபடியும், "வா வா... வா!" அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்த பெரம்பலூர் ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. ஏழெட்டுப் பேர் நேராகத் தர்மராஜ் வண்டியை நோக்கி நடந்து வந்தார்கள். ஒரு அம்மா கொளஞ்சியப்பன் அண்ணனிடம் வந்து, "இந்த வண்டிதானங்க? கூப்புட்டீங்களே" என்றாள்.

அண்ணன் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை. "நான் கூப்புடல" என்றார். சொல்லிவிட்டுத்தான் டிவி பக்கம் திரும்பினார்.

அவள் ஓடிவந்துகொண்டிருந்தாள். காலடி ஒவ்வொன்றும் கேட்டது. எங்கள் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, அங்கே எத்தனையோ கடல் தாண்டி ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. பலகையை மிதித்த சத்தம், பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு நொடி, பிறகு மணல் சரிகிற சத்தம். அதற்குப் பிறகுதான் கூட்டம் ஓவென்று கத்தியது. தமிழில் வர்ணிக்கிறவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: வீராங்கனைக்கு வழிகாட்டியின் குரல் கேட்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் அரங்கிலிருக்கும் நாற்பதாயிரம் பேரும் அமைதி காக்கிறார்கள், நாங்களும் பேசுவதில்லை.

அப்படியென்றால் சவுண்ட் போகவில்லை. நாற்பதாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து நாலு நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட யாராவது காபி வந்ததா என்று கேட்பார்கள். எந்தெந்த தேசத்து ஜனமோ, ஏலாக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாத ஜனம், அந்தக் கண் தெரியாத பெண்ணுக்காகப் பெருமூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பெரிய அமைதிக்கு நடுவில் எங்கள் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக் குரல் ஒன்று தன்னந்தனியாக நிற்கிறது. டிவி வியாபாரம் பண்ணி இத்தனை வருஷத்தில் எத்தனை உலகக் கோப்பை, எத்தனை ஒலிம்பிக் போட்டு ஜனத்துக்குக் காட்டியிருப்பேன். டிவியைப் பார்த்துக் கை கூப்பத் தோன்றியது அன்றைக்குத்தான்.

நான் சவுண்டைக் குறைக்கப் போனேன். "கொறைக்காதக்கா!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். நூறிலேயே விட்டுவிட்டேன்.

ஆளுக்கு ஆறு வாய்ப்பு. முதல் தாண்டலில் ஷாலினிக்கு மூன்று மீட்டர் தொண்ணூற்றெட்டு. இரண்டாவதில் கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டாள், சிவப்புக் கொடி காட்டினார்கள். மூன்றாவதில் நாலு மீட்டர் இருபத்தொன்று. ஐந்தாவது இடம். நாலாவது தாண்டல் வருகிற நேரத்தில் டிவிக்காரர்கள் வேறு ஏதோ ஓட்டப்பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர்கள் காதில் விழுந்திருந்தால் சானலை மூடியிருப்பார்கள். திரும்பி வந்தபோது ஐந்தாவது தாண்டல், நாலு மீட்டர் பதினைந்து.

"தொண்டை கட்டுது" என்றார் அண்ணன்.

எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "நல்லாத்தானண்ணே கூப்புடறான்?"

"இல்ல தங்கச்சி. மூணாவது 'வா'வ நெஞ்சிலேருந்து எடுக்கணும். அவன் தொண்டையில எடுக்கறான். காத்து கலந்து வருது பாரு. நேத்துப் பூரா விடாம கூப்புட்டுப் பழகியிருப்பான், முட்டாப் பய. அடுத்ததுக்குக் கொரலு இருக்காது." அவர் கை துண்டின் முனையைத் திருகிக்கொண்டே இருந்தது. "இது தெரிஞ்ச ஆளு ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான் லீலா. பக்கத்துல இருக்க வேண்டியவன் இங்க நிக்கிறேன்."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆறாவது தாண்டலுக்கு ஷாலினி வந்து நின்றாள். இதுதான் கடைசி. மூன்றாவது இடத்தில் இருந்தவள் நாலு மீட்டர் முப்பத்தெட்டு. அரங்கம் அடங்கியது. தாண்டுவதற்குக் கொடுக்கிற அறுபது நொடி, திரையின் மூலையில் இறங்க ஆரம்பித்தது. கலையரசனை முழுசாகக் காட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. ஒரு காற்று மட்டும் வந்தது, அதையும் மணல் குழிப் பக்கம் வைத்திருந்த மைக் பிடித்துக் காட்டியது. மறுபடி திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் இல்லை. ஷாலினி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். எதிரே நிற்பவனுக்கு என்ன ஆனது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஐம்பது. நாற்பத்தைந்து.

"இன்ஜின நிறுத்துய்யா!" என்றேன். தர்மராஜ் எப்போதோ நிறுத்தியிருந்தான்.

அப்போது கொளஞ்சியப்பன் அண்ணனின் நெஞ்சு எழும்புவதைப் பார்த்தேன். அந்த மூச்சை எனக்குத் தெரியும், கூப்பிடப் போகிறார். அங்கே கேட்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பெற்றவனுக்கு அது எழும்புகிறது. வாய் திறந்தது. உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். முன்பின் தெரியாத நாற்பதாயிரம் பேர் சத்தம் போடாமல் இருக்கும்போது தான் மட்டும் எப்படிக் கத்துவது என்று நினைத்தாரோ என்னவோ, முப்பது வருஷமாகக் கூவிய மனுஷன் மூச்சு முட்ட நின்றார். கண்ணில் மட்டும் தண்ணீர் இறங்கியது.

முப்பது. இருபத்தெட்டு.

கலையரசன் கையைத் தட்டினான். சின்னதாக இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு ஓங்கி ஒன்று. மறுபடி இரண்டு, ஒன்று. அப்பா கூப்பிடுகிற அதே கணக்கு, சொல் மட்டும் இல்லை. ஷாலினியின் முகம் நிமிர்ந்தது. ஒரு நொடி யோசித்தாள். வெறும் கைத்தட்டலை நம்பி அவள் ஓடியதே இல்லையாம், பின்னால் சொன்னார்கள். அப்படித் தெரியாத ஒன்றை நம்பிக் கண்ணைக் கட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடச் சொன்னால் நான் ஓடுவேனா? என் வீட்டுக்காரர் கை தட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். அவள் ஓடினாள். நேராக, இம்மிகூட ஒதுங்காமல் வந்தாள். பலகை, அந்த ஒன்றுமில்லாத நொடி, மணல்.

வெள்ளைக் கொடி. நாலு மீட்டர் நாற்பத்தாறு. மூன்றாம் இடம்.

நாற்பதாயிரம் பேரும் அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். நூறில் இருந்த என் சவுண்ட் பாக்ஸ் டர்ரென்று ஒரு சத்தம் போட்டுக் கிழிந்தது. இப்போது நிஜமாகவே சவுண்ட் போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை. பையோடு வந்த அம்மா, யார் எவர் என்று தெரியாமலே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தர்மராஜ் ஹாரனை விடாமல் அடித்தான்.

பதக்கம் கொடுத்ததைச் சத்தம் இல்லாமலேதான் பார்த்தோம். ஷாலினி மேரி வெண்கலத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கலையரசனைக் காட்டவே இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது, அது அவனுடையதுதான் என்று கூட்டம் சண்டை போட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் இல்லாம அந்தப் புள்ள எங்க தாண்டுது? ஒரு வாட்டி காட்டுனா கேமரா தேஞ்சா போவும்?"

அண்ணன் கோபப்படவில்லை. "கூப்புடறவன் பஸ்ஸுல ஏற மாட்டான் தங்கச்சி. ஏத்திவுடறதோட சரி" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "எம் மவன் ஏத்திவுட்டுட்டான்."

ஐந்தரை மணி இருக்கும். கூட்டம் கலைந்திருந்தது. அண்ணன் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன் செல்லக் குடு" என்றார்.

"யாருக்கண்ணே?"

"குடேன்." நம்பரை அழித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், பத்து எண்ணையும் தடுமாறாமல் சொன்னார். வாட்ஸ்அப்பில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தார்கள். பழக்கமில்லாத ஆள், ஸ்பீக்கரை எப்படியோ தட்டிவிட்டார், அதனால் எனக்கும் கேட்டது.

"கலை."

பதில் இல்லை.

"அப்பாதான்டா பேசறேன்."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் காத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "பேச மாட்டியாடா? இன்னுமா?" என்றார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. "சரி. நான் அன்னிக்குச் சொன்ன சொல்லு அப்புடித்தான. நல்லா இரு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பா, வச்சிராதீங்க, வச்சிராதீங்க!" ஒரு பெண் குரல் பதறியது. "நான் ஷாலினி பேசறேங்க. அண்ணனுக்குக் கொரலே வரலங்கப்பா. ஒரு எழுத்துகூட வரல. பேசிப் பேசிப் பாக்கறாரு, முடியல. எங் கையப் புடிச்சிக்கிட்டு அழுவறாரு. நீங்க பேசுங்கப்பா, அவரு காதுகிட்டதான் வச்சிருக்கேன்."

அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த பெரம்பலூர் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. போய்க்கோ என்று கையைக் காட்டினார்.

"டேய், வாயத் தொறக்காத. தொறந்தன்னா அம்புட்டும் போயிரும். வெந்நியில கல்லுப்பு போட்டுக் கொப்புளி, மூணு நாளைக்கு யாருகிட்டயும் பேசாத." மூச்சை ஒரு தடவை இழுத்துக்கொண்டார். "நீ சும்மா கேட்டுக்கிட்டு இரு. நான் பேசறேன்."